ஓர் ஊரின் மலேரியா ஆபத்தை எடைபோடுவது எப்படி? களத்தில் நிற்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

1963-இல் இலங்கை முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளிகள் 17 பேர். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன், 1934–35 கொள்ளைநோயில், ஏறத்தாழ 80,000 உயிர்களைப் பறிகொடுத்த தீவு அது. டி.டி.டி. பூச்சிமருந்து வந்தது. சுவர் சுவராகத் தெளித்தார்கள். நோய் இருக்கிற இடம் தெரியாமல் போயிற்று. போயிற்று என்று நம்பித் தெளிப்பை நிறுத்தினார்கள், காவலும் தளர்ந்தது. 1969-இல் நோயாளிகள் 5 லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். இந்தியாவிலும் ஏறக்குறைய இதே கதைதான்: 1965-இல் சுமார் 1 லட்சம் பேர், 1976-இல் 64 லட்சத்துக்கும் மேல்.

17 என்ற எண்ணில் பொய் இல்லை. அந்த ஆண்டு எத்தனை பேருக்கு நோய் வந்தது என்பதை மட்டுமே அது சொன்னது. அடுத்த ஆண்டு வருமா என்ற கேள்விக்கு அதனிடம் பதில் கிடையாது. அந்தப் பதிலை எங்கே, எப்படித் தேடுவது என்பதுதான் இந்த வழிகாட்டி. சுகாதார ஆய்வாளர், டி.பி.சி. பணியாளர் (வீடு வீடாகக் கொசு வளரும் இடம் தேடுபவர்), பொது சுகாதாரம் படிக்கும் மாணவர், உள்ளாட்சி உறுப்பினர் என யார் கையிலும் பயன்பட வேண்டும் என்று எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் சென்னை, இராமேசுவரம், மன்னார் பக்கத்தவை. மலேரியா குறைந்து, ஆனால் வாசலைவிட்டுப் போகாமல் நிற்கும் இடங்கள் இவை.

மனதில் ஓர் உழவர் கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். வயல் பண்பட்டிருக்கிறதா, அதாவது மலேரியாக் கொசு வளரத் தண்ணீரும் தட்பவெப்பமும் இருக்கின்றனவா? விதை வந்து விழுகிறதா, அதாவது இரத்தத்தில் கிருமியோடு ஆட்கள் வருகிறார்களா? களையெடுக்க ஆள் இருக்கிறதா, அதாவது நோயைக் கண்டுபிடித்து அடக்கும் ஏற்பாடு உயிரோடு இருக்கிறதா? எல்லாப் படிகளும் இந்த மூன்றில் ஒன்றைத்தான் துருவுகின்றன.

படி 1: எல்லையை வரையுங்கள்

"மாவட்டத்தின் மலேரியா ஆபத்து" என்ற ஒன்று காகிதத்தில் மட்டுமே உண்டு. ஒரு மாவட்டத்தில் நாலு தெருவில் நோய் பரவிக்கொண்டிருக்கும், மீதி இடமெல்லாம் சும்மா இருக்கும். கிராமப்புறத்தில் துணை சுகாதார நிலைய எல்லையை எடுங்கள். சென்னையில் மாநகராட்சியின் 200 வட்டங்களில் ஒன்றை, முடிந்தால் அதையும் தெருக்களாகப் பிரித்து எடுங்கள். மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் கொசு பொதுவாக ஓரிரு கிலோமீட்டருக்குள் சுற்றிவருவது. ஆகவே எல்லைக் கோட்டுக்கு வெளியேயும் அவ்வளவு தூரம் வரைபடத்தில் இருக்கட்டும். பக்கத்து வட்டத்தின் கட்டடப் பள்ளம் உங்கள் வட்டத்துக்குக் கொசு அனுப்பும்.

கையால் வரைந்த படம் போதும். கிணறுகள், கட்டுமான இடங்கள், மாட்டுக்கொட்டகைகள், தொழிலாளர் குடியிருப்புகள், கடந்த மூன்று ஆண்டுகளில் நோயாளி இருந்த வீடுகள். இவ்வளவும் ஒரே தாளில் வந்தாலே பாதி உண்மை கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

படி 2: எண்களை நம்புவதற்கு முன் எண்களைச் சோதியுங்கள்

மலேரியா அலுவலகங்களில் அடிபடும் கணக்குகள் மூன்று. ஆயிரம் பேருக்கு ஓராண்டில் எத்தனை நோயாளிகள் என்பது ஏ.பி.ஐ. மக்கள்தொகையில் நூற்றுக்கு எத்தனை பேருக்கு இரத்தப் பரிசோதனை நடந்தது என்பது ஏ.பி.இ.ஆர். சோதித்த நூறு பேரில் எத்தனை பேருக்கு மலேரியா என்பது எஸ்.பி.ஆர். மேலிடத்தில் எல்லோரும் கேட்பது முதல் கணக்கை. நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது இரண்டாவதை.

கற்பனையாக இரண்டு வட்டங்கள், ஒவ்வொன்றிலும் 20,000 பேர் என்று வைத்துக்கொள்வோம். முதல் வட்டத்தில் ஆண்டு முழுக்க 400 பேருக்குச் சோதனை, 4 பேருக்கு நோய். இரண்டாம் வட்டத்தில் 2,400 பேருக்குச் சோதனை, 6 பேருக்கு நோய். ஏ.பி.ஐ. கணக்கில் முதல் வட்டம் 0.2, இரண்டாவது 0.3. ஆய்வுக் கூட்டத்தில் திட்டு வாங்குவது இரண்டாம் வட்டத்துக்காரர். ஆனால் முதல் வட்டத்தில் நூற்றுக்கு 2 பேரைத்தான் சோதித்திருக்கிறார்கள். சோதித்த நூறு பேரில் ஒருவருக்கு நோய். இரண்டாம் வட்டத்தில் நூற்றுக்கு 12 பேரைச் சோதித்து, நானூறு பேருக்கு ஒருவர் என்று பிடித்திருக்கிறார்கள். எனக்குப் பயம் தருவது முதல் வட்டம்தான். அங்கே இன்னும் எத்தனை பேர் காய்ச்சலோடு மருந்துக்கடை மாத்திரையில் நாளை ஓட்டுகிறார்கள் என்பது யாருக்கும் தெரியாது.

சோதனையின் மொத்தத்தைப் பார்த்ததும் திருப்திப்பட்டுவிட வேண்டாம். மாத வாரியாகப் பிரியுங்கள். மார்ச் மாதக் கடைசியில் இலக்கை எட்ட அள்ளி எடுத்த இரத்தச் சிலைடுகளா? காய்ச்சல் உள்ளவர்களிடம் எடுத்தவையா, பள்ளிக்கூடத்தில் வரிசையாக நின்ற பிள்ளைகளிடம் எடுத்தவையா? தனியார் மருத்துவமனைகள், ஆய்வகங்களின் முடிவுகள் இந்தக் கணக்கில் சேர்ந்திருக்கின்றனவா? நகரத்தில் காய்ச்சல்காரர் முதலில் போவது பெரும்பாலும் தனியாரிடம். அந்தக் கதவு மூடியிருந்தால் உங்கள் ஏ.பி.ஐ. பாதிக் கண்ணால் பார்த்த கணக்கு.

கடைசியாக ஒரு நாள்கணக்கு. காய்ச்சல் தொடங்கிய நாள், சோதனை நாள், மருந்து தொடங்கிய நாள், வீட்டுக்குப் பணியாளர் போன நாள். இந்த நான்கையும் ஒவ்வொரு நோயாளிக்கும் எழுதுங்கள். மலேரியாக் கிருமியின் வைவாக்ஸ் வகையில், கொசுவுக்குத் தொற்றவல்ல கிருமி வடிவம் காய்ச்சல் தொடங்கும்போதே இரத்தத்தில் வந்துவிடும். பால்சிபாரம் வகையில் அது ஏறத்தாழ பத்து நாள் கழித்துத்தான் வரும். ஆகவே பால்சிபாரத்தை இரண்டு நாளில் பிடித்தால் அங்கேயே சங்கிலியை அறுத்துவிடலாம். வைவாக்ஸில் சோதனை தாமதமாகும் ஒவ்வொரு இரவும் கொசுவுக்கு விருந்து.

படி 3: ஒவ்வொரு நோயாளியின் கதையையும் கேளுங்கள்

எண்ணிக்கை குறைந்த ஊரில் இதைவிடப் பயனுள்ள வேலை கிடையாது. ஆயிரம் நோயாளிகள் இருக்கும் இடத்தில் ஒவ்வொருவரையும் உட்கார வைத்துப் பேச முடியாது. ஆறு பேர் என்றால் முடியும், முடிந்தாக வேண்டும்.

கேட்கும் கேள்வியில்தான் சூட்சுமம். "வெளியூர் போனீங்களா?" என்று கேட்டால் "இல்லைங்க" என்றுதான் பதில் வரும். வேலைக்குப் போன இடத்தை யாரும் "வெளியூர்" என்று நினைப்பதில்லை. "போன ஒரு மாசத்துல ராத்திரி எங்கெங்க படுத்துத் தூங்குனீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். அனாபிலிஸ் கடிப்பது இருட்டிய பிறகு. கடியிலிருந்து காய்ச்சல் வரை பால்சிபாரத்துக்குப் பொதுவாக 9 முதல் 14 நாள், வைவாக்ஸுக்கு 12 முதல் 17 நாள். பகலில் அவர் எங்கே இருந்தார் என்பதைவிட, அந்த இரவுகளில் எங்கே படுத்தார் என்பதே உங்களுக்கு வேண்டும். லாரியிலா, கட்டட வேலை நடக்கும் இடத்துக் காவல் கொட்டகையிலா, மொட்டை மாடியிலா, மகள் வீட்டிலா?

வைவாக்ஸ் ஒரு படி கூடுதல் வம்பு. அந்தக் கிருமி கல்லீரலில் உறங்கிக் கிடந்து மாதக்கணக்கில் கழித்து எழும். அதனால் ஒரு மாதக் கதையோடு நிறுத்தாமல், முன்பு மலேரியா வந்ததுண்டா, அப்போது 14 நாள் மாத்திரையை முழுக்க முடித்தாரா என்றும் கேளுங்கள். இரத்தம் ஏற்றிக்கொண்டாரா என்பதும் ஒரு கேள்வி.

பதில்களை வைத்து நோயாளியை வகைப்படுத்துங்கள். வெளியில் தொற்றி இங்கே வந்தவர். அப்படி வந்தவரிடமிருந்து இங்குள்ள கொசு வழியாக முதல் கையாகப் பெற்றவர். உள்ளூரிலேயே சுழலும் நோயைப் பெற்றவர். பழைய வைவாக்ஸ் மீண்டும் எழுந்தவர். இரத்தம் ஏற்றியதால் பெற்றவர். பத்து பேரும் முதல் வகை என்றால் உங்கள் சிக்கல் வாசலில் இருக்கிறது. ஒரே ஒருவர் இரண்டாம் வகை என்றாலும் சிக்கல் வீட்டுக்குள் வந்துவிட்டது.

எல்லோரையும் "வெளியிலிருந்து வந்தவர்" என்று எழுதிவிடும் ஆசை எல்லா அலுவலகங்களிலும் உண்டு. எழுதிவிட்டால் உள்ளூர்க் கொசுவைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள். ஒரு பதிவேட்டில், எட்டு மாதமாக ஊரைவிட்டு நகராத ஒரு பாட்டியின் பெயருக்கு நேரேகூட அப்படி எழுதியிருந்ததைப் பார்த்தேன். பேரன் வெளிமாநிலத்தில் வேலை பார்க்கிறானாம், அதனால் அந்த முத்திரை. பேரன் லீவுக்கு வந்து போயிருந்தால் அந்தப் பாட்டி இரண்டாம் வகை, அதாவது வட்டத்தில் இருப்பதிலேயே முக்கியமான நோயாளி.

படி 4: தண்ணீர்க் கணக்கு

இங்கேதான் அதிக நேரம் போகும், போகட்டும். முதலில் உங்கள் ஊரில் எந்தக் கொசு என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். அனாபிலிஸ் இனங்களில் பல, மலேரியா பரப்புவதே இல்லை.

சென்னையில் முக்கிய ஆள் அனாபிலிஸ் ஸ்டீபன்சி. சாக்கடைக் கொசுவோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இதற்கு வேண்டியது தெளிந்த நீர்: கிணறு, மாடித் தொட்டி, தரையடி சம்ப், நீரூற்று, புதிதாகப் போட்ட கான்கிரீட் தளத்தில் பாத்தி கட்டி நிறுத்தும் தண்ணீர், லிப்டுக்காகத் தோண்டிய பள்ளத்தில் தேங்கியது. தமிழ்நாட்டு மலேரியாவில் நெடுங்காலமாகச் சென்னையின் பங்கு பெரிதாக இருந்ததற்கு அடிப்படைக் காரணம் இந்தக் கொசுவும் நாம் தண்ணீர் சேமிக்கும் விதமும்தான். 1971-இல் தொடங்கிய நகர்ப்புற மலேரியாத் திட்டம் கொசுப்புழு ஒழிப்பையே மையமாக வைத்ததும் இதனால்தான்.

கிராமப்புறத்திலும் தீவுகளிலும் பெரும்பாலும் அனாபிலிஸ் குலிசிபேசிஸ். ஆறு வற்றும்போது மிஞ்சும் குட்டைகள், மணல் அள்ளிய பள்ளம், கல்குவாரிக் குழி, வாய்க்கால் கசிவு இதன் இடங்கள். இராமேசுவரத் தீவில் சவுக்குத் தோப்புகளுக்குள் தண்ணீருக்காகத் தோண்டும் ஆழமில்லாத குழிகள் இதற்கு வசதியாக அமைந்தன. இந்த இனத்துக்குள்ளேயே பார்வைக்கு வேறுபாடு தெரியாத உட்பிரிவுகள் உண்டு. இராமேசுவரத்திலும் இலங்கையிலும் பி, இ என்று இரண்டு உட்பிரிவுகள் காணப்படுகின்றன. நோயைப் பரப்புவது இ. பி பெரும்பாலும் மாட்டோடு நின்றுவிடும். ஆகவே மாட்டுக்கொட்டகையில் நூறு குலிசிபேசிஸ் பிடித்தேன் என்று பதறவும் வேண்டாம், நிம்மதியடையவும் வேண்டாம். பூச்சியியல் பிரிவுக்கு அனுப்பி உட்பிரிவு கேளுங்கள்.

மன்னாருக்கு வருவோம். 2016 செப்டம்பர் 5 அன்று இலங்கைக்கு மலேரியா இல்லாத நாடு என்ற சான்றிதழை உலக சுகாதார நிறுவனம் வழங்கியது. அதே ஆண்டின் இறுதியில், அதுவரை அந்நாட்டில் இல்லாத ஸ்டீபன்சி மன்னார்த் தீவில் கண்டுபிடிக்கப்பட்டது; பின்னர் யாழ்ப்பாணத்திலும். கிணறும் தொட்டியும் நிறைந்த அந்தப் பகுதி இதற்குத் தாய்வீடு போல. இந்தக் கொசு புதிய இடத்தில் என்ன செய்யும் என்பதை ஆப்பிரிக்காவின் ஜிபூட்டி காட்டிவிட்டது. 2012-இல் அங்கே 27 நோயாளிகள். அந்த ஆண்டுதான் ஸ்டீபன்சி அங்கே கண்டுபிடிக்கப்பட்டது. 2020-இல் நோயாளிகள் 73 ஆயிரத்துக்கும் மேல். நோயாளியே இல்லாத ஊரிலும் நுளம்புக் குடம்பியை (கொசுப்புழுவை) தேடிக்கொண்டிருக்க வேண்டும் என்று இலங்கைக்காரர்கள் சொல்வதில் பொருள் இருக்கிறது.

இனி, எப்படிப் பார்ப்பது? ஒரு டார்ச், வெள்ளைத் தட்டு, நீண்ட கைப்பிடி அகப்பை, கிணற்றுக்குள் வெயிலைத் திருப்பிவிட ஒரு சின்னக் கண்ணாடி. தொட்டி மூடியைத் திறந்தவுடன் உங்கள் நிழல் விழுந்து புழுக்கள் அடியில் போய்விடும். ஒரு நிமிடம் அசையாமல் நில்லுங்கள், மேலே வரும். நீர்மட்டத்துக்கு இணையாக, துரும்பு மிதப்பது போலப் படுத்திருந்தால் அனாபிலிஸ். தலைகீழாகச் சாய்ந்து தொங்கினால் டெங்குவின் ஏடிஸோ சாக்கடைக் கொசுவான க்யூலெக்ஸோ. இரண்டும் ஒரே தொட்டியில் இருக்கலாம். "புழு இருந்துச்சு, மருந்து ஊத்தியாச்சு" என்று மட்டும் பதிந்தால் தகவல் பாதி தொலைந்துவிடும். எந்தப் புழு என்று ஒரு எழுத்தாவது எழுதுங்கள்.

முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம் முதல் இரண்டு வாரம்; வெயில் காலத்தில் ஒரு வாரக் கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள். எனவே வட்டத்திலுள்ள எல்லாத் தொட்டிகளையும் ஒரு சுற்றுப் பார்க்க உங்கள் ஆட்களுக்கு எத்தனை நாள் ஆகிறது என்பதே ஓர் ஆபத்துக் காரணி. இருபது நாள் ஆகிறதென்றால், இடையில் இரண்டு தலைமுறை பறந்துபோயிருக்கும்.

பார்க்க முடியாத தொட்டிகளைத் தனியாக எண்ணுங்கள். ஏணியில்லாத மாடி, பூட்டிக்கிடக்கும் வீடு, "அப்புறம் வாங்க" என்று சொல்லும் அடுக்குமாடிக் காவலாளி, உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கும் காலி பங்களா. பார்த்த தொட்டிகளில் நூற்றுக்கு 2-இல் புழு என்ற அறிக்கை, பார்க்காத தொட்டி நூற்றுக்கு 30 என்ற வரி இல்லாமல் மேலே போகக்கூடாது.

வளர்ந்த கொசுவையும் தேடுங்கள். பொழுது சாய்ந்தபின் மாட்டுக்கொட்டகைச் சுவரிலும் கூரை அடியிலும் டார்ச் அடித்தால், பின்புறத்தைத் தூக்கிச் சாய்வாக உட்கார்ந்திருப்பது அனாபிலிஸ். மற்றவை சுவரோடு சமமாக உட்காரும். அதோடு, கோடையில் மொட்டை மாடியில் வலையின்றித் தூங்குபவர்கள் எத்தனை வீட்டில் என்றும் குறித்துக்கொள்ளுங்கள். உள்ளே சுவரில் தெளித்த மருந்து மாடியில் படுத்தவரைக் காக்காது.

படி 5: மழையும் வெயிலும்

மழை வந்தால் மலேரியா வரும் என்ற பொதுப்பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். இலங்கையின் 1934–35 பேரழிவு மழை பொய்த்ததால் வந்தது. எப்போதும் ஓடிக்கொண்டிருந்த ஆறுகள் வற்றிக் குட்டைகளாக, குலிசிபேசிஸ் அந்தக் குட்டைகளில் பெருகியது. வழக்கமாக நோய் குறைவாக இருந்த பகுதி மக்கள், உடலில் எதிர்ப்பு இல்லாதவர்கள், கொத்துக்கொத்தாக மாண்டார்கள். ஓடும் ஆற்றங்கரை ஊரில் வறட்சி ஆண்டுதான் ஆபத்து ஆண்டு. வறட்சியில் சென்னை வீடுகளிலும் டிரம், சம்ப், தொட்டி என்று சேமிப்பு கூடும்.

கொசுவுக்குள் கிருமி முதிர வெப்பம் வேண்டும். சுமார் 16 பாகை செல்சியசுக்குக் கீழே வைவாக்ஸும், 18-க்குக் கீழே பால்சிபாரமும் வளர்வதில்லை. நம் சமவெளியில் இது ஆண்டு முழுக்கக் கிடைக்கும். கட்டுப்படுத்துவது ஈரப்பதம்: காற்று காய்ந்திருந்தால் கிருமி முதிரும் முன்பே கொசு செத்துவிடும். உங்கள் ஊரின் ஐந்தாண்டு நோயாளிக் கணக்கை மாத வாரியாக, மழை அளவுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எத்தனை வாரம் தள்ளி நோய் ஏறுகிறது என்பது உங்கள் ஊருக்கே உரிய விடை.

படி 6: விதை எங்கிருந்து வருகிறது?

ஒடிசா, ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் போன்ற மலேரியா மிகுந்த மாநிலங்களிலிருந்து கட்டட வேலைக்கு வருபவர்கள், அங்கே சரக்கு ஏற்றிப் போய்த் திரும்பும் லாரி ஓட்டுநர்கள், யாத்திரை போய் வருபவர்கள், கடலில் நாள் கணக்கில் தங்கும் மீனவர்கள், ஆப்பிரிக்க நாடுகளில் வேலை பார்த்துவிட்டு வருபவர்கள். இலங்கையில் மடகாஸ்கர், தான்சானியா பக்கம் போய்வரும் இரத்தினக்கல் வியாபாரிகளும், அமைதிப்படையில் சென்று திரும்பும் படையினரும் இந்தப் பட்டியலில் உண்டு. ஒவ்வொரு குழுவுக்கும் மூன்று விவரம் வேண்டும்: எத்தனை பேர், எந்த மாதத்தில், இரவில் எங்கே தங்குகிறார்கள்.

மூன்றாவது விவரம்தான் கத்தி முனை. கட்டுமான இடத்தில் தொழிலாளர் கொட்டகை, அதற்குப் பத்தடியில் தண்ணீர் நிற்கும் தளம், கொட்டகையில் வலையில்லை. விதையும் வயலும் ஒரே மனையில் இருக்கின்றன. இலங்கை சான்றிதழ் வாங்கிய பிறகு, 2018 டிசம்பரில், இந்தியாவிலிருந்து வந்திருந்த தொழிலாளி ஒருவரிடமிருந்து உள்ளூர்வாசி ஒருவருக்கு வைவாக்ஸ் தொற்றியது. 2012 அக்டோபருக்குப் பின் அந்த மண்ணில் கொசுவழி தொற்றிய முதல் நோயாளி அவர். உடனே கண்டுபிடித்துச் சுற்றி வளைத்ததால் அதோடு நின்றது.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். "வடக்கத்தி ஆளுங்கதான் நோயைக் கொண்டு வர்றாங்க" என்ற பேச்சு களத்தில் சாதாரணமாகக் கேட்கும். அப்படிப் பேசிக்கொண்டு போனால் அந்தத் தொழிலாளி காய்ச்சலை மறைப்பார். மேஸ்திரியும் மறைப்பார், வேலை நிற்குமே என்று. விதை கண்ணுக்குத் தெரியாமல் போனால் நட்டம் நமக்குத்தான். கொட்டகையில் வலையில்லாததும் தளத்துத் தண்ணீரில் புழு இருப்பதும் அவர் செய்த குற்றமா? ஒப்பந்தக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி அது. வேலைக்குச் சேரும் அன்றே சோதனை, அவர் மொழியில் இரண்டு வார்த்தை, காய்ச்சல் வந்தால் கூப்பிட ஓர் எண் என இவை இருக்கின்றனவா என்று பாருங்கள்.

படி 7: கையிலிருக்கும் ஆயுதம் கூராக இருக்கிறதா?

பூச்சிமருந்து: கொசுக்களைக் குறிப்பிட்ட அளவு மருந்து பூசிய தாளோடு குழாயில் அடைத்து 24 மணி நேரம் கழித்துப் பார்ப்பது உலக சுகாதார நிறுவன முறை. நூற்றுக்கு 98-க்கு மேல் செத்தால் மருந்து வேலை செய்கிறது. 90-க்குக் கீழே என்றால் எதிர்ப்பு உறுதி. நடுவில் இருந்தால் மறுபடி சோதிக்க வேண்டும். உங்கள் பகுதிக்கு இந்தச் சோதனை கடைசியாக எந்த ஆண்டில் நடந்தது என்று கேளுங்கள். இலங்கை டி.டி.டி.-யைக் கைவிட்டு மாலத்தியான் என்ற வேறு பூச்சிமருந்துக்குப் போக நேர்ந்தது இந்த எதிர்ப்பால்தான்.

மாத்திரை: வைவாக்ஸுக்கு மூன்று நாள் குளோரோகுயினோடு 14 நாள் பிரைமாகுயின் என்பது இந்திய நடைமுறை. மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டுவிடும். அதற்குப் பிறகு பதினோரு நாள் மாத்திரை விழுங்குபவர் அரிது. முடிக்காதவர் அடுத்த மழைக்கு மறுபடி நோயாளி. கர்ப்பிணிகளுக்கும் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் பிரைமாகுயின் கொடுப்பதில்லை, ஜி6பி.டி. நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு அது இரத்த அணுக்களைச் சிதைக்கும். ஆகவே, 14-ஆம் நாள் வீட்டுக்குப் போய் அட்டையைப் பார்த்தவர் யார் என்று பதிவேட்டில் பெயர் இருக்கிறதா?

உடனடிச் சோதனை அட்டைகளில் பால்சிபாரத்துக்கு எச்.ஆர்.பி.-2 என்ற புரதத்தைத் தேடும் வகை, மருந்து முடிந்து வாரக்கணக்கில் கூட நோய் இருப்பதாகக் காட்டும். அந்தப் புரதத்தை உண்டாக்கும் மரபணுவை இழந்த கிருமியை அது தவறவிடும். சந்தேகம் வந்தால் நுண்ணோக்கிக்குத் திரும்புங்கள். புகை அடிப்பதை ஆயுதக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஊருக்குத் திருப்தி, புழுவுக்கு ஒன்றும் ஆகாது.

படி 8: களையெடுக்க யார் இருக்கிறார்கள்?

நோய் குறையக் குறைய இந்தப் படி பெரிதாகும். காலிப் பணியிடங்கள் எத்தனை, தினக்கூலிப் பணியாளர் எத்தனை மாதம் வேலையில் இருக்கிறார், டெங்கு மாதங்களில் மலேரியாப் பணியாளர் எங்கே அனுப்பப்படுகிறார் என்று எழுதுங்கள். அதைவிட நுட்பமான ஒன்று: கடைசியாக எப்போது இந்த ஆய்வகத்தில் ஒரு மலேரியாக் கிருமியைக் கண்ணால் பார்த்தார்கள்? மூன்று ஆண்டாகப் பார்க்காத கண், நாலாவது ஆண்டு வரும்போது கடந்துபோய்விடும். பழைய சிலைடுகளைக் கலந்துவைத்துச் சோதித்துப் பாருங்கள். மருத்துவர்களும் அப்படியே. காய்ச்சல் என்றதும் டெங்கு, டைபாய்டு என்று ஓடும் மனம் மலேரியாவை நாலாவதாக நினைக்கும். "போன மாதம் எங்கே தங்கினீர்கள்" என்ற ஒரே கேள்வியைப் புறநோயாளிப் பிரிவில் எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று அரைநாள் உட்கார்ந்து எண்ணினாலே காவலின் நிலை தெரியும்.

படி 9: மூன்றையும் பெருக்குங்கள்

பல படிவங்களில் மதிப்பெண்களைக் கூட்டுவார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. கொசு வளரவே முடியாத குளிர்ந்த மலை உச்சி ஊரில் எத்தனை நோயாளி வந்து இறங்கினாலும் அவர்களுக்குச் சிகிச்சைதான் வேண்டும், ஊரில் பரவாது. பூஜ்யத்தால் பெருக்கினால் பூஜ்யம். எனவே வயலுக்கு 0 முதல் 3, விதைக்கு 0 முதல் 3, காவலின் ஓட்டைக்கு 1 முதல் 3 என்று போட்டுப் பெருக்குங்கள். அதிகபட்சம் 27. இது அறிவியல் அளவுகோல் இல்லை. எந்தத் தெருவுக்கு முதலில் போவது என்று வரிசைப்படுத்த ஒரு கைக்கணக்கு. காவலுக்கு மட்டும் பூஜ்யம் தரக்கூடாது. ஓட்டையே இல்லாத ஏற்பாட்டை நான் எங்கும் கண்டதில்லை.

மதிப்பெண்ணைவிட அது எங்கிருந்து வந்தது என்பது முக்கியம். வயல் 3, விதை 0 என்றால் புழுத் தேடலும் காய்ச்சல் கண்காணிப்பும் தொடர வேண்டும், தெளிப்புக்குப் பணம் கொட்ட வேண்டாம். வயல் 1, விதை 3 என்றால் தொழிலாளர் கொட்டகையும் மருத்துவர்களும்தான் களம். வயல் 3, விதை 3, நோயாளி இந்த ஆண்டு பூஜ்யம் என்று வந்தால் படி 2-க்குத் திரும்பிப் போய்ச் சோதனைக் கணக்கை மறுபடி பாருங்கள். அந்தப் பூஜ்யம் பெரும்பாலும் சோதிக்காததால் வந்த பூஜ்யம்.

நோய் பரவிய இடங்களை உலக சுகாதார நிறுவனம் மூன்றாகப் பிரிக்கிறது: இந்த ஆண்டு உள்ளூர்ப் பரவல் உள்ளது, கடந்த ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்குள் நின்றது, மூன்று ஆண்டுக்கு மேல் இல்லாதது. வரைபடத்தில் மூன்று நிறம் கொடுங்கள். நடு நிறத்தை எல்லோரும் மறந்துவிடுவார்கள்; உறங்கும் வைவாக்ஸ் எழுவது அங்கேதான்.

புதிய நோயாளி வந்ததும் சீனர்கள் பின்பற்றிய 1-3-7 நாள் ஒழுங்கு பயன்படும். ஒரு நாளுக்குள் அறிவிப்பு, மூன்று நாளுக்குள் கதை கேட்டு வகைப்படுத்தல், ஏழு நாளுக்குள் அந்த இடத்தில் நடவடிக்கை. 2021-இல் மலேரியா இல்லாத நாடு என்று சான்று பெற்றவர்கள் அவர்கள். உங்கள் கடைசிப் பத்து நோயாளிகளுக்கு இந்த மூன்று நாள்களும் எத்தனை முறை தவறின என்று எண்ணி, காவல் மதிப்பெண்ணோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

முழு மதிப்பீட்டை ஆண்டுக்கு ஒரு முறை, நோய் ஏறும் மாதங்களுக்கு இரண்டு மாதம் முன்னதாகச் செய்தால் போதும். சில சமயம் அதுவரை காத்திருக்கக் கூடாது: வெள்ளம் வடிந்ததும், ஆறு வற்றத் தொடங்கியதும், தெளிப்பு மருந்து மாறியதும், பணியாளர்கள் பாதிப்பேர் இடம் மாற்றப்பட்டதும், உள்ளூரில் தொற்றிய ஒரே ஒருவர் தென்பட்டதும். வட்டத்துக்குள் பள்ளம் தோண்டும் இயந்திரம் ஒன்று வந்து நின்றால், வேலை எத்தனை மாதம், ஆட்கள் எங்கிருந்து, இரவில் எங்கே தங்குவார்கள், தளத்துத் தண்ணீரை வாரம் ஒருமுறை வடிக்கும் பொறுப்பு யாருக்கு என்று அன்று மாலையே போய் மேஸ்திரியிடம் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.